ஆகஸ்ட் காயம், டிசம்பர் கணக்கு

2017 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் சீசன் இன்னும் தொடங்கவில்லை. நடந்துகொண்டிருந்தவை முன்சீசன் ஆட்டங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் எந்தக் கணக்கிலும் ஏறாதவை. சியாட்டிலில் கன்சாஸ் சிட்டியின் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஸ்பென்சர் வேருக்கு முழங்கால் போனது. டெட்ராய்டில் நியூ இங்கிலாந்தின் வைட் ரிசீவர் (வீசப்படும் பந்தைப் பிடிப்பவர்) ஜூலியன் எடெல்மனுக்கு ஏசிஎல், அதாவது முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் முக்கிய நார், கிழிந்தது. இருவருக்கும் அந்த சீசன் அத்தோடு முடிந்தது.

மறுநாள் ஃபேண்டஸி ஃபுட்பால் ஆடுபவர்கள் தங்கள் பட்டியலில் இரண்டு பெயர்களை அடித்தார்கள். அடிப்பது சுலபம். அந்த இருவருக்கும் போயிருக்க வேண்டிய பந்து இனி யார் கைக்குப் போகும் என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல் இருந்தது.

ஆட்டம் புதிதாக இருப்பவர்களுக்கு இரண்டு வரி. பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் ஒரு லீக் வைத்துக்கொண்டு, சீசனுக்கு முன் சுற்றுச் சுற்றாக முறை வைத்து ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வார்கள். அதுதான் டிராஃப்ட். ஒரு லீக்கில் ஓர் ஆட்டக்காரர் ஒருவருக்குத்தான். அவர் நிஜ ஆட்டத்தில் ஓடியோ பந்தைப் பிடித்தோ எடுக்கும் ஒவ்வொரு 10 யார்டுக்கும் 1 புள்ளி, டச்டவுனுக்கு (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பதற்கு) 6. பல லீக்குகளில் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் தனியாக அரையோ ஒன்றோ உண்டு. நம் ஊர் கிரிக்கெட் செயலிகளைப் போல ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது அணி போட முடியாது. ஆகஸ்ட் கடைசியில் எடுத்தவரோடு டிசம்பர் வரை குடித்தனம் நடத்தவேண்டும்.

இப்போது அந்த இரண்டு முழங்கால்களுக்கு வருவோம். வேரின் இடத்துக்கு வந்தவர் கரீம் ஹன்ட், நிஜ அணிகள் புதியவர்களை எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட புதுமுகம். முதல் ஆட்டத்தில் முதல் தடவை பந்தைக் கையில் வாங்கியவர் அதைக் கீழே விட்டார். அதே ஆட்டம் முடியும்போது அவர் கணக்கில் 246 யார்டு, 3 டச்டவுன். சீசன் முடிவில் 1,327 யார்டு ஓடி என்எஃப்எல்லிலேயே முதலிடம். எடெல்மனுக்கோ அப்படி வாரிசு என்று யாரும் வரவில்லை. பந்து பல கைகளுக்குப் பிரிந்தது: ராப் கிரான்கவ்ஸ்கி 1,084 யார்டு, பிராண்டின் குக்ஸ் 1,082. ரன்னிங் பேக்கின் வேலை பெரும்பாலும் முழுசாக அடுத்தவர் கைக்கு மாறும். ரிசீவரின் வேலை சிதறும். அதனால்தான் ரன்னிங் பேக் காயம்பட்டதும் அவருடைய மாற்று ஆட்டக்காரரின் விலை (எவ்வளவு முந்தைய சுற்றில் எடுக்கப்படுகிறார் என்பது) ஒரே இரவில் ஏறுகிறது.

ஏறிய விலை நிலைக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. 2021 ஆகஸ்ட் 28 அன்று பால்டிமோரின் ரன்னிங் பேக் ஜே.கே. டாபின்ஸுக்கு ஏசிஎல் கிழிந்தது. எல்லோரும் அவருடைய மாற்றான கஸ் எட்வர்ட்ஸை நோக்கி ஓடினார்கள். செப்டம்பர் 9 அன்று, முதல் ஆட்டத்துக்கு முன்பே, பயிற்சியில் அவருக்கும் ஏசிஎல் கிழிந்தது. அந்த ஆண்டு அந்த அணியில் அதிகம் ஓடியவர், பந்தை வீசுவதையே முக்கிய வேலையாகக் கொண்ட குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன்தான்.

ஏசிஎல் கிழிவில் ஒரு கொடூரமான வசதி உண்டு: குழப்பமே கிடையாது. கிழிந்தால் அந்த ஆண்டு இல்லை, பெயரை அடித்துவிட்டுப் போகலாம். ரிசீவர் ஜோர்டி நெல்சனுக்கு 2015 முன்சீசனில் கிழிந்தது. 2016-இல் திரும்பி வந்து 14 டச்டவுன் பிடித்து என்எஃப்எல்லிலேயே முதலிடம் பிடித்தார். ஆளைக் குழப்புவது தசைக் காயம்தான், அதிலும் ஹாம்ஸ்ட்ரிங்.

தொடையின் பின்பக்கத்தில் இருக்கும் மூன்று தசைகளுக்குச் சேர்த்துத்தான் ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசி, பாதம் தரையைத் தொடப்போகும் அந்தக் கணத்தில் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி முன்னோக்கிப் பறக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது இந்தத் தசைகளின் வேலை. நிறுத்த இறுகவும் வேண்டும். ஆனால் கால் நீள நீள அவையும் நீண்டுகொண்டே போகின்றன. இறுக்கமும் நீட்சியும் ஒரே நேரத்தில் வரும் அந்த நொடியில்தான் இழை அறுகிறது. சில மாத ஓய்வுக்குப் பின் ஜூலை கடைசியில் முகாமுக்கு வந்து திடீரென்று முழு வேகம் எடுக்கும் உடலுக்கு இது அதிகம் நடக்கும். 1989 முதல் 1998 வரையிலான என்எஃப்எல் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்றில் 1,716 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் இருந்தன. அவற்றில் 51.3 சதவீதம் ஏழே வார முன்சீசனில் ஏற்பட்டவை. அதிகம் பாதிக்கப்பட்டவர்களில் பின்களத் தடுப்பாளர்களுக்கு அடுத்து வைட் ரிசீவர்கள். அதாவது டிராஃப்டில் முதல் சில சுற்றுகளிலேயே விலைபோகும் ஆட்கள்.

எலும்பு முறிந்தால் எலும்பாகவே கூடுகிறது. எத்தனை வாரம் என்று மருத்துவர் ஓரளவு சொல்லிவிடலாம். (பாதத்தின் வெளிப்புறம், சுண்டுவிரலுக்கான நீள எலும்பில் வரும் ஜோன்ஸ் முறிவு விலக்கு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, கூட மறுக்கும்.) தசை அப்படி ஆறுவதில்லை. அறுந்த இடத்தில் வடுத் திசு வளர்கிறது. அது பழைய இழையைப் போல நீளாது. வலி முதலில் போய்விடும், வலிமை பின்னால்தான் வரும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் ஆட்டக்காரர் தெம்பாக இருப்பதாக நினைத்து முழு வேகம் எடுப்பார், மறுபடி அதே இடம் பிடித்துக்கொள்ளும்.

2023-இல் ரிசீவர் கூப்பர் கப் என்பவருக்கு நடந்தது இதுதான். 2021-இல் 145 பந்து பிடித்து 1,947 யார்டு எடுத்த மனிதர். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்தது, பயிற்சிக்குத் திரும்பினார், மாதக் கடைசியில் மறுபடி பிடித்தது. முதல் நான்கு ஆட்டம் போயிற்று. அந்த இடத்தில் என்எஃப்எல் டிராஃப்டின் ஐந்தாம் சுற்றுப் புதுமுகம் பூக்கா நகூவா வந்து 105 பந்து, 1,486 யார்டு என்று புதுமுகங்களுக்கான சாதனையையே உடைத்தார். ஃபேண்டஸி டிராஃப்டில் அவரைச் சீண்டியவர்கள் மிகக் குறைவு.

சரி, 'நான்கு வாரம் வரமாட்டார்' என்றால் எவ்வளவு விலை குறைக்கலாம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆட்டக்காரர் வாரம் 18 புள்ளி எடுப்பவர், ஃபேண்டஸி சீசனில் அவருக்கு 16 ஆட்டம். மொத்தம் 288. அவர் இல்லாத வாரத்தில் யாரும் எடுக்காமல் கிடக்கும் ஒருவரைப் போட்டால் 9 புள்ளி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆட்டம் வராவிட்டால் 12 முறை 18, 4 முறை 9, மொத்தம் 252. இழப்பு 36. பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. வாரம் பதினைந்தே முக்கால் புள்ளி எடுக்கும் ஆரோக்கியமான ஆளுக்குச் சமம். ஆனால் திரும்பி வந்தபின் அவர் 18-க்குப் பதில் 15-தான் எடுக்கிறார் என்றால்? 12 ஆட்டத்தில் மும்மூன்று குறைந்தால் இன்னொரு 36. வராத வாரங்களால் எவ்வளவு போனதோ, வந்தும் மந்தமாக ஆடிய வாரங்களால் அவ்வளவே போகிறது. டிராஃப்ட் அறையில் எல்லோரும் முதல் 36-ஐப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கட்சி இரண்டாவது 36. கை எலும்பு முறிந்த ரிசீவர் நான்கு வாரம் வரமாட்டார் என்றால் தள்ளுபடி விலையில் தைரியமாக எடுப்பேன்; ஹாம்ஸ்ட்ரிங் இரண்டு முறை பிடித்தவர் 'முதல் வாரமே வந்துவிடுவார்' என்றால் தயங்குவேன்.

இதில் தகவல் சிக்கல் வேறு. சீசன் தொடங்கிவிட்டால் யார் பயிற்சி செய்தார், எந்த உறுப்பில் காயம் என்று ஒவ்வொரு அணியும் அறிக்கை தரவேண்டும். முன்சீசனில் அந்தக் கட்டாயம் இல்லை. பயிற்சியாளர் 'நாளுக்கு நாள் பார்க்கிறோம்' என்று முடித்துக்கொள்வார். அந்த வாக்கியத்தை நான் படிப்பதே இல்லை. அணி செய்யும் காரியத்தைத்தான் பார்க்கவேண்டும். சீசனுக்கான 53 பேர் அணிப் பட்டியல் முடிவானபின் ஒருவரைக் காயப் பட்டியலில் வைத்தால் குறைந்தது நான்கு ஆட்டம் வர முடியாது. அது விதி, பேச்சு அல்ல. கூப்பர் கப்பை 2023-இல் அப்படி வைத்தது செப்டம்பர் 9 அன்று, முதல் ஞாயிறுக்கு முந்தைய நாள். அதற்குள் டிராஃப்டுகள் பெரும்பாலும் முடிந்திருந்தன.

2024-இல் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. முந்தைய ஆண்டு 2,023 யார்டும் 21 டச்டவுனும் எடுத்த சான் ஃபிரான்சிஸ்கோவின் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி பெரும்பாலான லீக்குகளில் முதல் ஆளாகப் போனார். ஆகஸ்ட் முழுக்கக் கேட்டது கெண்டைக்கால் காயம் என்றுதான். முதல் வார அறிக்கையில்தான் அதோடு அகில்லஸ், அதாவது குதிகால் தசைநாண், சேர்ந்தது. தசைநாணுக்கு ரத்தம் குறைவு. ஓய்வில் வலி அடங்கும், சுமை ஏறினால் திரும்பும். இதற்கு நாள் குறிப்பது கடினம். முதல் ஆட்டத்தில் அவர் இல்லை; அவருடைய மாற்று ஜோர்டன் மேசன் 147 யார்டு ஓடினார். மெக்காஃப்ரி திரும்பியது நவம்பர் 10 அன்று. டிசம்பர் 1 அன்று பஃபலோவின் பனியில் முழங்கால் போய், மொத்தம் நான்கு ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. மேசனை அந்த ஆகஸ்டில் கடைசிச் சுற்றுகளில் சும்மா எடுத்திருக்கலாம்.