தூந்திரா: பொருளும் தமிழ்ப் பெயரும்

மழைக்காடு, புல்வெளி, பாலைவனம் என்று உலகின் நிலவகைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டே வரும்போது பெயரே பாதி விளக்கிவிடும். தூந்திராவுக்கு வந்ததும் 'அப்படின்னா?' என்று கேட்பார்கள்.

ஆர்க்டிக் பெருங்கடலைச் சுற்றி, அலாஸ்கா, கனடா, ரஷ்யா ஆகியவற்றின் வடகோடியில் பரந்து கிடக்கும் மரமில்லாத குளிர்நிலமே தூந்திரா. உயர்ந்த மலைகளில் மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே உள்ள நிலத்தையும் மலைத் தூந்திரா என்பார்கள்.

சொல் ரஷ்ய மொழி வழியாக உலகெங்கும் பரவியது. ரஷ்யர்களுக்கு அது கிடைத்தது, வட ஐரோப்பாவில் துருவ மான்களை மேய்த்து வாழ்ந்த சாமி மக்களிடமிருந்து. அவர்கள் மொழியில் மரமில்லாத மேட்டுநிலம் என்று பொருள். அதாவது குளிரையோ பனியையோ அந்தப் பெயர் சொல்லவில்லை, மரம் இல்லாததைத்தான் சொல்கிறது.

ஏன் மரம் இல்லை? மேல்மண் கோடையில் மட்டும் கொஞ்சம் இளகும். அதற்குக் கீழே மண் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். சைபீரியாவில் சில இடங்களில் இந்த உறைமண் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. வேர் ஆழமாக இறங்க வழியில்லை, வளரும் காலமும் சில வாரங்கள்தான். அங்கே ஆர்க்டிக் வில்லோ என்று ஒரு செடி உண்டு. மரமாக வளரும் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் காற்றுக்கு ஒதுங்கித் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். பெரும்பாலும் கணுக்கால் உயரம்கூட வராது. குழந்தைகளுக்கு இதைச் சொன்னால் போதும், தூந்திரா புரிந்துவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தூந்திரம், தூந்திரப் பகுதி என்று எழுதுவது வழக்கத்தில் இருக்கிறது, அது நன்றாகவே இருக்கிறது. பனிப்பாலைவனம் என்பதை நான் தவிர்ப்பேன். மழையும் பனியும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இளகிய நீர் உறைமண்ணைத் தாண்டிக் கீழே இறங்க முடியாமல் மேலேயே தேங்குவதால், கோடையில் தாழ்வான இடமெல்லாம் சதுப்பாகிவிடும். பாசி, பூக்கள், கூட்டங்கூட்டமாகக் கொசுக்கள், முட்டையிட வரும் பறவைகள் என்று நிலமே மாறிவிடும். பாலைவனம் என்று கேட்ட குழந்தை இதையெல்லாம் எதிர்பார்க்காது.

தூந்திரம் என்றே சொல்லி, பக்கத்தில் 'மரமில்லா உறைநிலம்' என்று விளக்கம் தரலாம். படம் காட்டினால் ஜனவரிப் படத்தோடு ஜூலைப் படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.