"வா" என்றால் நாய் ஏன் ஓடுகிறது?

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. மாலையில் என் நாய் மணியை அங்கே அவிழ்த்துவிடுவேன். அரை மணி நேரம் ஓணான் துரத்துவான், மண்ணைத் தோண்டுவான். "மணி, வா!" என்றால் முதல் சில வாரங்கள் பறந்து வந்தான். அப்புறம் நின்று திரும்பிப் பார்த்தான். மூன்றாவது மாதம், கூப்பிட்டதுமே எதிர்ப்பக்கம் ஓட்டம். திமிர் என்றார் அப்பா. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்றார் அம்மா. உண்மையில் அவன் பாடத்தைச் சரியாகவே படித்திருந்தான். "வா"வுக்குப் பிறகு சங்கிலி. சங்கிலிக்குப் பிறகு ஆட்டம் முடிந்தது.

1898இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, வெளியே தீனி வைத்தார். உள்ளிருக்கும் வளையத்தை இழுப்பது போன்ற ஏதோ ஒரு செயல்தான் கதவைத் திறக்கும். பூனைகள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பிறாண்டின, கடித்தன, தற்செயலாக இழுத்தன. திரும்பத் திரும்ப அடைத்தபோது வீண் முயற்சிகள் உதிர்ந்து, பலன் தந்த செயல் மட்டும் மிஞ்சியது. பின்னால் வந்த உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இதற்குக் கறாரான அளவுகோல் ஒன்றை வைத்தார். விளைவுக்குப் பிறகு செயல் கூடினால் அது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. கொடுப்பவரின் எண்ணத்துக்கு இதில் இடமே இல்லை. நான் கொஞ்சித்தான் கூப்பிட்டேன். மணிக்கு அது தண்டனையாகத்தான் போய்ச் சேர்ந்தது.

சரி, பிஸ்கட் கொடுத்தால் போதுமா? எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "உட்கார்" என்கிறோம், உட்காருகிறது. பையில் கைவிட்டுத் துழாவி எடுப்பதற்குள் எழுந்து நம் கையை முகர்கிறது. பிஸ்கட் போய்ச் சேர்ந்தது முகர்ந்ததற்கு. கிளிக்கர் என்ற சின்னக் கருவி இந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. 'டிக்' சத்தத்துக்குப் பின் தீனி என்று முதலில் பழக்குகிறார்கள். ஓர் ஒலியைத் தீனியோடு இணைத்துப் பழக்கலாம் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடம் காட்டிய வழி அது. பிறகு சரியான செயல் நடக்கும் அந்த நொடியில் 'டிக்'. தீனி சற்றுத் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை.

மூளைக்குள் நடப்பது இன்னும் சுவையானது. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. சாறுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று பழகிய பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறியது, சாறுக்கு ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் கற்றுக்கொடுக்கிறது. கூப்பிட்டு வந்த நாயை ஏமாற்றினால் அதற்கும் ஒரு கணக்கு எழுதப்படுகிறது.

அடித்துப் பழக்கலாமே என்பவர்களுக்கு: அடி செயலோடு மட்டும் ஒட்டுவதில்லை; அந்த நேரத்தில் கண்ணில் படுவதோடும் ஒட்டிக்கொள்ளும். தெருநாயைப் பார்த்துக் குரைக்கும்போதெல்லாம் கழுத்தைச் சுண்டினால், தெருநாய் வந்தாலே வலி என்று ஆகி, குரைப்பு கூடவும் கூடும். 1967இல் செலிக்மன், மையர் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தப்பவே முடியாத மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களில் பெரும்பாலானவை, பின்னர் தாண்டித் தப்பக்கூடிய தடுப்பு இருந்தும் முயலாமல் படுத்துக் கிடந்தன. நாய் அடங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பழகிவிட்டது என்று சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எது வெகுமதி என்பதையும் நாய்தான் முடிவு செய்யும். கண்ணால் பார்த்துத் துரத்தவென்றே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறையிடம், முயல் ஓடும்போது பிஸ்கட்டை நீட்டிப் பாருங்கள். உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959இல் இதையே வழியாக்கினார்: அதிகம் விரும்பிச் செய்யும் செயலை, குறைவாகச் செய்யும் செயலுக்கு வெகுமதியாக்கலாம். வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடப் போகலாம் என்று அம்மாக்கள் காலங்காலமாகப் பேசும் பேரம்தான்.

மணியிடமும் அதே பேரம் பேசினேன். கூப்பிட்டு, வந்ததும் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று, கழுத்துப்பட்டையை ஒரு முறை தொட்டுவிட்டு, "போ". பத்தில் ஒன்பது முறை ஆட்டம் தொடர்ந்தது. ஒரு முறைதான் சங்கிலி. ஆனால் "வா" என்ற சொல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்ததால் அதைக் கைவிட்டு விசிலுக்கு மாறினோம். வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னும் "மணி, வா" என்கிறார்கள். அவன் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறான்.