பார்வை போன பூனை வீட்டை எப்படி அறிகிறது?

நேற்று இரவு அலமாரி உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்த பூனை, இன்று காலை சுவரை உரசிக்கொண்டே நடக்கிறது. நாற்காலிக் காலில் முட்டிக்கொள்கிறது. கூப்பிட்டால் காது திரும்புகிறது, முகமும் திரும்புகிறது, பார்வை மட்டும் உங்கள் தோளுக்குப் பின்னால் எங்கோ நிற்கிறது. பட்டப்பகல் வெளிச்சத்தில் கீற்றாகச் சுருங்கியிருக்க வேண்டிய கண்மணிகள் இரண்டும் வட்டமாக விரிந்து கிடக்கின்றன.

பூனை வளர்ப்பவர்களை உலுக்கிப்போடும் காட்சி இது. அந்தப் பதற்றத்தில் பலரும் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்: மருத்துவரிடம் போவதை இரண்டு நாள் தள்ளிப்போடுகிறார்கள், வீட்டை மட்டும் அன்றைக்கே ஒழித்து மாற்றி அடுக்குகிறார்கள். கண்ணின் விஷயத்தில் அவசரம் வேண்டும், பூனையின் விஷயத்தில் நிதானம் வேண்டும். ஏன் என்று புரிய, கண்ணுக்குள் என்ன நடந்தது என்று முதலில் பார்க்கலாம்.

வயதான பூனைக்குத் திடீரெனப் பார்வை போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்த அழுத்தத்தை. பூனைக்கும் பிரஷர் வருமா என்று கேட்பவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரும். பெரும்பாலும் அதன் பின்னால் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறோ, அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டோ இருக்கும். சில பூனைகளுக்கு அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்கும், சிலவற்றில் காரணமே பிடிபடாது. மேல் அளவு 140க்குள் இருந்தால் கவலையில்லை. 160ஐத் தாண்டினால் உயர் ரத்த அழுத்தம். 180ஐத் தாண்டினால் கண், மூளை, இதயம், சிறுநீரகம் நான்குக்குமே ஆபத்து அதிகம். இத்தனைக்கும் பூனை ஒரு அறிகுறியும் காட்டாமல் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இந்த அழுத்தம் பார்வையை எப்படிப் பறிக்கிறது? கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றுவது அதுதான். அது சுவரோடு பசை போட்டு ஒட்டியதுபோல இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பார்வை நரம்பு கிளம்பும் இடத்திலும், முன்பக்க விளிம்பிலும் மட்டுமே அது இறுகப் பிடித்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் ஈரத்துணி சுவரில் படிந்திருப்பதுபோலத்தான். கரு வளரும்போது கண் இரண்டடுக்குக் கிண்ணமாக உருவாகிறது. அந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி பிற்பாடு மூடிக்கொண்டாலும் முழுதாக இணைந்துவிடுவதில்லை. வாழ்நாள் முழுக்க அது ஒரு பலவீனமான மடிப்பாகவே இருக்கிறது.

அந்த மடிப்புக்குப் பின்னால் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் பின்னல். ஒளியை உணரும் செல்களுக்கு ஆக்சிஜனும் உணவும் அங்கிருந்துதான் வருகின்றன. ரத்த அழுத்தம் ஏறும்போது இங்குள்ள நுண்ணிய தமனிகள் தற்காப்பாகச் சுருங்கிக்கொள்கின்றன. நாள்கணக்கில் இப்படி இறுகியே இருந்தால் அவற்றின் சுவரே சிதைந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. கசிந்த நீர் அந்த மடிப்புக்குள் தேங்கி, ஈரச்சுவரில் சுண்ணாம்பு உப்பிக்கொள்வதுபோல விழித்திரையைத் தூக்கிவிடுகிறது. சில பூனைகளுக்குக் கண்ணுக்குள் ரத்தமே கட்டி, கண்மணி சிவப்பாகத் தெரியும்.

இங்கேதான் அவசரம் வருகிறது. சுவரை விட்டு விலகிய உடனே ஒளி உணரும் செல்கள் செத்துவிடுவதில்லை. கோராய்டிலிருந்து வரும் வரத்து நின்றுபோனதால் பட்டினி கிடக்கின்றன, நாளாக ஆக ஒவ்வொன்றாக அழிகின்றன. அதற்குள் ரத்த அழுத்தத்தைக் கீழே கொண்டுவந்தால் கசிவு நிற்கும், தேங்கிய நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், விழித்திரை தன் இடத்தில் மறுபடி படியும். இதற்குப் பூனைகளுக்கு அதிகம் தரப்படும் மருந்து அம்லோடிபின். டெல்மிசார்டனும் தருவார்கள். எல்லாப் பூனைக்கும் பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது. சிலவற்றுக்கு ஓரளவு திரும்புகிறது, சீக்கிரமே மருத்துவரிடம் கொண்டுபோன பூனைகளுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். பார்வை திரும்பாவிட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கண்ணில் கசிந்தது போன்ற நுண்குழாய்கள் மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கின்றன. பெயர் ஒன்றுதானே என்று மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களே உடைத்துக் கொடுக்கவும் வேண்டாம். பூனைக்கான அளவு மிகச் சிறியது, அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

"பிரஷர் பார்த்தீர்களா?" என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். முன்காலிலோ வாலிலோ சிறு பட்டையைச் சுற்றி அளப்பார்கள், வலிக்காது. ஆனால் பயந்த பூனைக்கு அந்த இடத்தில் நிற்பதே அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால் ஐந்து, பத்து நிமிடம் கூடையிலேயே அமைதியாக இருக்க விட்டு, முதல் அளவை ஒதுக்கி, அடுத்தடுத்த அளவுகளின் சராசரியை எடுப்பதுதான் முறை. ஏழு வயது தாண்டிய பூனைக்கு வருடம் ஒருமுறையாவது இதைப் பார்த்துவிடுவது நல்லது. இந்த ஒரு பழக்கம் எத்தனையோ கண்களைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இளம் பூனைக்குப் பார்வை போனால் வேறு திசையில் தேட வேண்டும். என்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக், பூனையின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரையைக் கெடுக்கக்கூடும். ரத்தத்தில் வரும் இப்படிப்பட்ட பொருட்களை விழித்திரைக்குள் சேரவிடாமல் வெளியே தள்ள ஒரு புரதம் இருக்கிறது. பூனை இனத்தில் அது சரியாக வேலை செய்வதில்லை. உள்ளே சேர்ந்த மருந்து வெளிச்சம் பட்டு வினைபுரிந்து செல்களைச் சிதைக்கிறது. நாய்க்குக் கொடுத்த மருந்தைப் பூனைக்கும் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்த பிறகு சில பூனைகள் பார்வையில்லாமல் எழுந்திருப்பதும் உண்டு. வளர்ந்த பூனையின் மூளைக்கு ரத்தம் பெரும்பாலும் மேல்தாடைத் தமனி வழியாகவே போகிறது. வாயை அகலமாகப் பிளந்து நிறுத்தும் ஸ்பிரிங் கருவி அந்தத் தமனியை நசுக்கிவிடலாம். இந்த வகையில் பல பூனைகளுக்குப் பார்வை திரும்பியிருக்கிறது. இவை போக டாக்ஸோபிளாஸ்மா போன்ற தொற்றுகள், கண்ணழுத்தம், தலையில் அடி, மூளைக்கட்டி என்று பட்டியல் நீளும். அதையெல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்றும் நடக்கும். நமக்குத்தான் அது "திடீர்", பூனைக்கு அல்ல. பரம்பரையாக விழித்திரை தேயும் பூனைகளும், உணவில் டாரின் என்ற சத்து போதாமல் விழித்திரை கெட்ட பூனைகளும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையை இழக்கின்றன. டாரின் குறைபாடுதான் இப்படிச் செய்கிறது என்று 1975இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நாய் உணவையோ சைவ உணவையோ மட்டும் தின்று வளரும் பூனைக்கு இன்றும் அந்த ஆபத்து இருக்கிறது. வீடு மனப்பாடம் என்பதால் அந்தப் பூனை எதையும் காட்டிக்கொள்வதில்லை. ஒரு நாள் சோபாவை இடம் மாற்றுவீர்கள், அன்றைக்கு முட்டிக்கொள்ளும். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!" என்போம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பூனையின் முகத்துக்கு முன்னால், மீசையில் படாமல், ஒரு பஞ்சு உருண்டையை மேலிருந்து விடுங்கள். பஞ்சுக்குச் சத்தமும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வாசனையும் இல்லை. பார்வை இருந்தால் தலை அதைத் தொடரும். கையை முகத்துக்கு நேரே வீசிப் பார்ப்பது ஏமாற்றிவிடும், காற்று அசைவதை மீசை உணர்ந்து கண் சிமிட்டும். டார்ச் அடித்ததும் கண்மணி சுருங்குகிறது, அதனால் பார்வை இருக்கிறது என்ற முடிவும் வேண்டாம். கண்மணியைச் சுருக்கும் நரம்புப் பாதை, காட்சியைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி வரை போகாமல் நடுவிலேயே திரும்பிவிடுகிறது. அதனால் அந்த மூளைப் பகுதி மட்டும் பாதிக்கப்பட்ட பூனைக்கு ஒன்றுமே தெரியாது, கண்மணி மட்டும் ஒழுங்காகச் சுருங்கும்.

சரி, வைத்தியம் தொடங்கியாகிவிட்டது. பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அதுவரை பூனை எதை வைத்து வீட்டில் நடமாடும்?

நினைவை வைத்து. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் எலிகளில் கண்டறிந்தார். 2014இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். விளக்கை அணைத்த பிறகும் அந்தச் செல்களில் பல இயங்குகின்றன. எத்தனை அடி நடந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்ற உடம்பின் கணக்கும், உள்காதின் சமநிலை உறுப்பும் சேர்ந்து இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

கால்களுக்கும் தனி ஞாபகம் உண்டு. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் மெக்வியாவும் பியர்சனும் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சிறு தடையைப் பூனை முன்கால்களால் தாண்டியதும், சாப்பாடு காட்டி அங்கேயே நிறுத்தினார்கள். பூனைக்குத் தெரியாமல் தடையைக் கீழே இறக்கிவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்துக்கூட, இல்லாத அந்தத் தடைக்காகப் பூனை பின்கால்களை உயர்த்தித் தாண்டியது. தடையைக் கண்ணால் மட்டும் பார்த்து, தாண்டாமல் நின்ற பூனைகளுக்கோ அந்த நினைவு சீக்கிரமே மங்கிவிட்டது. கண்டதைவிட நடந்தது ஆழமாகப் பதிகிறது. பார்வை இழந்த பூனைக்கு இது எவ்வளவு பெரிய கைமுதல்!

அப்புறம் மீசை. அதன் வேர் மற்ற முடிகளைவிட ஆழமாக, ரத்தம் நிறைந்த ஒரு பைக்குள், நரம்பு முனைகள் சூழ இருக்கிறது. பூனைக்கு முகத்துக்கு மிக அருகில் உள்ள பொருள் நல்ல பார்வையிலும் மங்கலாகவே தெரியும். அந்தக் கடைசி ஒரு சாண் தூரத்தை எப்போதும் மீசைதான் பார்த்துக்கொண்டிருந்தது. முன்கால்களின் பின்புறத்திலும் இதே மாதிரி முடிகள் இருக்கின்றன. காதோ, மனிதர்களின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டி 85,000 வரை கேட்கிறது. நம் குரலை வைத்தே நாம் எந்த அறையில் இருக்கிறோம் என்று பூனை மனதில் குறித்துவைத்துக்கொள்கிறது என்பதை, சாஹோ டகாகியும் சக ஆய்வாளர்களும் ஜப்பானில் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். உரிமையாளரின் குரல் ஓரிடத்தில் கேட்டு, சில நொடிகளில் சம்பந்தமில்லாத இன்னோரிடத்தில் கேட்டபோது பூனைகள் திகைத்தன.

குட்டியிலிருந்தே பார்வையின்றி வளர்ந்த பூனைகளின் மூளையில், காட்சிக்கான ஒரு பகுதியை ஒலி எடுத்துக்கொள்வதை ராஷெக்கரும் கோர்ட்டேயும் 1993இல் காட்டினார்கள். பன்னிரண்டு வயதுப் பூனையின் மூளை அந்த அளவுக்கு மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்குக் கைகொடுப்பது ஏற்கெனவே மனதில் இருக்கும் வரைபடம்தான். ஆகவே அந்த வரைபடத்தைக் கலைக்காதீர்கள்.

சோபா, கட்டில், தண்ணீர்க் கிண்ணம், மணல் பெட்டி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முதல் சில நாட்களுக்கு இவையெல்லாம் அடங்கிய ஒரே அறை போதும். அதில் தடுமாறாமல் நடமாடத் தொடங்கிய பிறகு கதவைத் திறந்துவிடலாம். படிக்கட்டை மறித்துவையுங்கள், பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை போடுங்கள். வெளியே விடவே வேண்டாம். கிண்ணத்துக்குக் கீழே ஒரு சொரசொரப்பான விரிப்பும், மணல் பெட்டிக்கு முன்னால் வேறொரு விரிப்பும் இருந்தால் பாதமே இடத்தைப் படித்துக்கொள்ளும். படுக்கைத் துணியை ஒரேயடியாகத் துவைக்காதீர்கள், வீட்டின் வாசனையும் வரைபடத்தில் சேர்ந்ததுதான். தரை துடைக்கும் திரவத்தின் நெடியும் அதைக் குழப்பும்.

எல்லோரும் செய்யும் தவறு, பாசத்தில் பூனையைத் தூக்கிக்கொண்டு போய் வேறெங்காவது விடுவது. தூக்கிய கணத்தில் அதன் அடிக்கணக்கு அறுந்துபோகிறது. தூக்கியே ஆக வேண்டுமென்றால், எப்போதும் ஒரே இடத்தில், உதாரணமாகச் சாப்பாட்டுக் கிண்ணத்தின் அருகில், இறக்கிவிடுங்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் அது தன்னைத் திரும்பக் கண்டுகொள்ளும். தொடுவதற்கு முன் பேசுங்கள். தூங்கும் பூனையைச் சத்தமில்லாமல் தொட்டால் நகம்தான் பதில் சொல்லும், அது கோபமில்லை, பயம். வீட்டில் வேறு பூனை இருந்தால் அதற்கு ஒரு சிறு மணி கட்டுங்கள்.

முதல் வாரம் ஒளிந்துகொள்ளும், இரவில் கத்தும், சரியாகச் சாப்பிடாது. ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், பட்டினி பூனையின் கல்லீரலைச் சீக்கிரம் தாக்கும். இரவுக் கத்தல் நீடித்தாலும் சொல்லுங்கள், ரத்த அழுத்தமோ தைராய்டோ இன்னும் கட்டுக்குள் வராததன் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலான பூனைகள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. சத்தம் எழுப்பும் பந்தை மறுபடி துரத்துகின்றன.

கடைசியாகத் திரும்புவது குதித்தல். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூலை நிரந்தரமாகப் போட்டுவையுங்கள். ஒரு நாள் பூனை சோபாவின் விளிம்பை முன்காலால் துழாவி, காலைக் கீழே நீட்டி, ஸ்டூல் பாதத்தில் படும்வரை காத்திருந்து இறங்கும். ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும்போலக் கை பரபரக்கும். தூக்காதீர்கள். அது தரைக்கு வந்ததும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஸ்டூல் நகர்ந்திருந்தால் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.