செனட்டர் போட்ட ஓட்டு எந்தக் கேள்விக்கு?

2023 ஜூன் கடைசி வாரம். அமெரிக்கக் கிராமங்களுக்கு அதிவேக இணையம் கொண்டுபோக 4,245 கோடி டாலரை மாநிலவாரியாகப் பிரித்து அறிவித்தது பைடன் அரசு. அலபாமாவின் பங்கு சுமார் 140 கோடி. அந்த மாநிலத்தின் செனட்டர் டாமி டியூபர்வில் கையோடு ட்விட்டரில் மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமப்புறங்களுக்கு இணையம் எவ்வளவு முக்கியம், அலபாமாவுக்கு இந்த நிதி வருவது எவ்வளவு நல்ல விஷயம் என்று எழுதியிருந்தார். பணம் வந்தது 2021 உள்கட்டமைப்புச் சட்டத்திலிருந்து. அந்த மசோதா 2021 ஆகஸ்ட் 10 அன்று செனட்டில் 69க்கு 30 என்று நிறைவேறியபோது, எதிர்த்த 30 பேரில் டியூபர்வில்லும் ஒருவர். "அடிக்கல் நாட்டு விழாவில் சந்திப்போம்" என்று பைடன் பதிலுக்கு ஒரு வரி போட்டார். ஊரே சிரித்தது.

தமிழ்ச் செய்தி டெஸ்க்கில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்தும், கடைசிச் சில ஆண்டுகளாகச் சரிபார்த்தும் பிழைப்பு நடத்துகிறவன் நான். இந்த மாதிரிச் செய்தி வந்தால் வேலை சுலபம். ட்வீட்டை ஒரு பக்கம் வை, வாக்குப் பட்டியலை இன்னொரு பக்கம் வை, முடிந்தது. டியூபர்வில் அலுவலகம் ஒரு விளக்கமும் கொடுத்தது: மக்கள் வரிப்பணம் வீணாகிறது என்றுதான் எதிர்த்தார், சட்டமான பிறகு அலபாமாவுக்கு உரிய பங்கு வந்துதானே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அலபாமாக்காரர்களும் வரி கட்டுகிறவர்கள்தானே. ஆனால் விளக்கம் கேட்ட பிறகு வந்தது. ட்வீட்டில் அது இல்லை. ட்வீட்டை மட்டும் பார்த்தவர், பணத்தை வாங்கி வந்ததே இவர்தான் என்று நினைத்திருப்பார்.

இதைவிடச் சிக்கலானது மிசிசிப்பி செனட்டர் ராஜர் விக்கரின் கதை. 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் கொரோனா நிவாரண மசோதா நிறைவேறியது. உணவகங்களுக்கு 2,860 கோடி டாலர் உதவி கிடைத்தது என்று அவர் பெருமையாக ட்வீட் போட்டார். மொத்த மசோதாவை அவர் எதிர்த்து வாக்களித்திருந்தார், அவருடைய குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. உடனே 'புளுகு' என்று எல்லோரும் பாய்ந்தார்கள். ஆனால் உணவக உதவி என்ற யோசனையை அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமாவோடு சேர்ந்து செனட்டில் முன்னின்று தள்ளியவர்களில் விக்கரும் ஒருவர். சாம்பாரில் கறிவேப்பிலை போட்டது நான்தான், சாம்பார் எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். இதைப் பொய் என்று முத்திரை குத்த எனக்குக் கை வராது. பாதி சொன்னது, மீதியை விழுங்கியது என்று வேண்டுமானால் எழுதலாம்.

சரி, இதெல்லாம் செனட்டர்கள் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வது. அதே வாக்குப் பட்டியலை எதிராளி கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2004 அதிபர் தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜான் கெர்ரியைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அந்தச் செய்தியில் நானும் ஒருமுறை மண்ணைக் கவ்வினேன்.

2003 அக்டோபர். ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுக்காக 8,700 கோடி டாலர் கேட்டிருந்தார் புஷ். பெரும் பணக்காரர்களுக்குக் கொடுத்த வரிச்சலுகையைத் திரும்ப எடுத்து இந்தச் செலவைச் சமாளிக்கலாம் என்று அப்போது செனட்டராக இருந்த பைடனும் கெர்ரியும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். இரவுப் பணியில் இருந்த என் முன்னால் ஏஜென்சி செய்தி வந்து விழுந்தது: செனட் அந்தத் திருத்தத்தை 57க்கு 42 என்று 'டேபிள்' செய்தது. நம் ஊரில் டேபிள் என்றால் அவையில் தாக்கல் செய்வது. நானும் அசராமல் "திருத்தம் தாக்கல், 57 பேர் ஆதரவு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சிலும் வந்துவிட்டது. மறுநாள் செய்தி ஆசிரியர் தாளை மடித்து என் மேசையில் வைத்தார். "ஏம்ப்பா, வாஷிங்டன்ல டேபிள் பண்ணா என்னன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. லண்டனிலும் டெல்லியிலும் அந்தச் சொல்லுக்கு எடுத்து வைப்பது என்று பொருள், அமெரிக்காவில் நேர் எதிர்ப்பொருள். செனட்டில் ஒரு திருத்தத்தை டேபிள் செய்துவிட்டால் அதைக் கிடப்பில் போட்டதாகக்கூடச் சொல்ல முடியாது, அதோடு கதை முடிந்தது. அந்த 57 பேரும் திருத்தத்தைக் கொன்றவர்கள். ஆதரித்தவர்கள் 42 பேர்தான், அவர்கள் போட்டது 'இல்லை' ஓட்டு.

இப்போது கெர்ரியின் பட்டியலைப் பாருங்கள். அக்டோபர் 2, டேபிள் வாக்கெடுப்பு: 'இல்லை'. பணத்தைக் கொடுக்கலாம், இப்படிக் கொடுக்கலாம் என்பது அதற்குப் பொருள். அக்டோபர் 17, வரித் திருத்தம் இல்லாத மசோதா 87க்கு 12 என்று செனட்டில் நிறைவேறுகிறது. கெர்ரி மறுபடியும் 'இல்லை'. இந்த முறை பணமே வேண்டாம் என்று பொருள். ஒரே விவகாரத்தில் ஒரே மனிதர் போட்ட இரண்டு 'இல்லை', எதிரெதிர் அர்த்தம். 2004 மார்ச்சில் மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனில் ஒரு கூட்டத்தில் இதை விளக்கப்போய், "அந்த 8,700 கோடிக்கு நான் ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டேன், எதிர்த்து ஓட்டுப் போடுவதற்கு முன்னால்" என்று சொல்லிவிட்டார். புஷ் தரப்பு அதை அப்படியே விளம்பரத்தில் போட்டது. இந்த ஆள் காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர் என்ற பெயர் தேர்தல் முடியும்வரை போகவில்லை. வாக்குப் பட்டியலோடு ஒப்பிட்டால் அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் மேடையில் நின்று டேபிள் தீர்மானம் பற்றிப் பாடம் நடத்த யாரால் முடியும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பணத்துக்கான இறுதி வடிவத்துக்கு 2003 நவம்பர் 3 அன்று செனட் ஒப்புதல் கொடுத்தது குரல் வாக்கெடுப்பில். அவையில் அப்போது இருந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு வேண்டுமென்றால் அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். யாரும் கேட்கவில்லை. கேட்டால் பெயர் ஏறிவிடுமே.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் பழக்கிக்கொண்டது ஒன்றுதான். செனட்டின் இணையதளத்தில் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் ஒரு பக்கம் உண்டு. ஜனவரியில் ஒன்று என்று தொடங்கி வரிசையாக எண் போட்டிருப்பார்கள். எல்லோரும் நேராகக் கீழே இறங்கிப் பெயரைத் தேடுவார்கள். நான் மேலே 'கேள்வி' என்றிருக்கும் வரியில் நின்றுவிடுவேன். கேட்கப்பட்டது என்ன? மசோதாவை நிறைவேற்றலாமா? திருத்தத்தை ஏற்கலாமா? விவாதத்தைத் தொடங்கலாமா? விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா? டேபிள் செய்யலாமா? பக்கத்திலேயே எத்தனை பங்கு ஆதரவு தேவை, பாதியா, ஐந்தில் மூன்றா என்றும் இருக்கும். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் பெயருக்குப் போவேன்.

2017 ஜூலையில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் செய்ததை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். மூளையில் புற்றுநோய் என்று தெரிந்த சில நாட்களிலேயே வாஷிங்டன் திரும்பி, ஜூலை 25 அன்று ஒபாமா காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் முயற்சியில் 'ஆம்' போட்டார். துரோகி என்று ஒரு பக்கமும், வீரர் என்று மறுபக்கமும் கத்தினார்கள். அன்று கேட்கப்பட்ட கேள்வி விவாதத்தைத் தொடங்கலாமா என்பது மட்டும்தான். இப்போதிருக்கும் வடிவத்துக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன் என்று அதே நாள் அவையிலேயே பேசியும் இருந்தார். 28ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, எழுத்தரின் மேசைக்கு முன்னால் நின்று கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். 49க்கு 51, முயற்சி தோற்றது. (செனட்டில் இன்னும் பொத்தான் கிடையாது. எழுத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பலர் நடந்துவந்து கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.) கொறடா அங்கேயும் உண்டு. ஆனால் அவர் பேச்சை மீறினால் நம் நாடாளுமன்றத்தைப் போலப் பதவி போகாது. அதனால்தான் அங்கே ஒருவரின் ஓட்டுப் பட்டியல் கிட்டத்தட்ட அவருடைய ஜாதகம்.

ஜாதகத்தில் சில கட்டங்கள் ஆளை ஏமாற்றும். போர்க்களத்தில் குப்பையை எரித்த குழிகளின் புகையால் நோயுற்ற முன்னாள் படைவீரர்களுக்கான மசோதா 2022 ஜூன் 16 அன்று செனட்டில் 84க்கு 14 என்று நிறைவேறியது. வரி தொடர்பான ஒரு வாக்கியத்தால் அரசியல் சட்டச் சிக்கல் வந்து, கீழவை போய்விட்டு மறுபடி வந்தது. ஜூலை 27 அன்று விவாதத்தை முடித்துக்கொள்ளும் தீர்மானத்துக்கு 60 ஓட்டு வேண்டும், கிடைத்தது 55. ஜூனில் ஆதரித்த 25 குடியரசுக் கட்சியினர் இப்போது 'இல்லை'. சுமார் 40,000 கோடி டாலர் செலவைக் கணக்கில் எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்பதில் ஆட்சேபம் என்றார்கள். அது ஜூனில் இருந்த வடிவத்திலும் இருந்ததுதான். படைவீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே படுத்தும் உட்கார்ந்தும் கிடந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று 86க்கு 11 என்று நிறைவேறிவிட்டது.

ஜூலை 27 பட்டியலில் 'இல்லை' என்ற 42 பெயர்களில் ஒன்று சக் ஷூமர். மசோதாவை அவைக்குக் கொண்டுவந்த அப்போதைய பெரும்பான்மைத் தலைவரே அவர்தான்! தோற்ற தீர்மானத்தை மறுபடி எடுக்கச் சொல்லும் உரிமை வென்ற தரப்பில் ஓட்டுப் போட்டவருக்கோ ஓட்டே போடாதவருக்கோதான் உண்டு. அதற்காகத் தோற்பது உறுதியானதும் தலைவர் தன் ஓட்டை மாற்றிக்கொள்வார். படைவீரர்களுக்கு எதிராக ஷூமர் வாக்களித்தார் என்று அந்தப் பட்டியலை வைத்து ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் போட்டால், படம் நிஜம், சேதி பொய்.

அமைப்புகள் தரும் மதிப்பெண் அட்டையிலும் இதே கதைதான். ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 15 வாக்கெடுப்புகளைத் தேர்ந்தெடுத்து 2007க்கு மதிப்பெண் போட்டது. மெக்கெய்னுக்குப் பூஜ்யம். பருவநிலை மாற்றத்துக்காக செனட்டர் லீபர்மனோடு சேர்ந்து மசோதா கொண்டுவந்த மனிதர் அவர். அந்த ஆண்டு அதிபர் வேட்புமனுவுக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார், பதினைந்துக்கும் அவைக்கு வரவில்லை. வராததை அவர்கள் எதிர்ப்பாகக் கணக்கிடுவார்கள். அவைக்கு வராதது அவர் குற்றம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'வரவில்லை' வேறு, 'எதிர்த்தார்' வேறு.

நம்மவர்களிடம் எனக்கு அதிகம் வரும் கேள்வி கிரீன் கார்டு பற்றியது. வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலை 10 அன்று கீழவையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. செனட்டில் அதன் வேறொரு வடிவம் 2020 டிசம்பர் 2 அன்று நிறைவேறியது. இரண்டும் ஒத்துப்போகாமல், 2021 ஜனவரி 3 அன்று அந்த நாடாளுமன்றத்தோடு செத்தது. "எங்கள் செனட்டர் நமக்கு ஓட்டுப் போட்டார்" என்று அப்போது சுற்றிய வாட்ஸப் ஃபார்வர்டுகளுக்குக் கணக்கே இல்லை.

ஒருவரும் ஓட்டுப் போடவில்லை. செனட்டில் அது நிறைவேறியது ஒருமித்த ஒப்புதல் என்ற முறையில். ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள், யாரும் வாய் திறக்காவிட்டால் முடிந்தது. ஒரே ஒருவர் எழுந்து ஆட்சேபித்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். 2019 செப்டம்பரில் டேவிட் பெர்டியூ அப்படி நிறுத்தினார், அக்டோபரில் டிக் டர்பின். டர்பின் குடியேறியவர்களுக்காகப் பல ஆண்டுகளாகப் பேசிவந்தவர். மொத்த கிரீன் கார்டு எண்ணிக்கையைக் கூட்டாமல் வரிசையை மட்டும் மாற்றுவது மற்ற நாட்டவரைப் பாதிக்கும் என்பது அவர் வாதம். பின்னால் ஒரு சமரசத்துக்கும் வந்தார். அந்த ஆட்சேபம் எந்த வாக்குப் பட்டியலிலும் கிடைக்காது. அன்றன்றைய அவைக் குறிப்பான காங்கிரஷனல் ரெக்கார்டைப் புரட்டினால்தான் தெரியும்.

பன்னிரண்டு வருடமாக அந்த வரிசையில் நிற்கும் தம்பி ஒருவர் போன் செய்து, "யார் யார் நமக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு சொல்லுங்கண்ணே, நன்றி லெட்டர் எழுதணும்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் தன் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் ஒரே கேள்வியை எழுதினார்: நீங்கள் இதைத் தடுத்தீர்களா, இல்லையா? ஆறு வாரம் கழித்து ஒருவரிடமிருந்து பதில் வந்தது. தொடர்பு கொண்டதற்கு நன்றி, குடியேற்றம் நம் நாட்டின் பலம், உங்கள் கருத்தை மனதில் வைத்துக்கொள்கிறேன். "இதை என்னன்னு எடுத்துக்கறதுண்ணே?" என்று எனக்கு அனுப்பினார். காங்கிரஷனல் ரெக்கார்டில் தேதி போட்டுத் தேடுவது எப்படி என்று அன்றிரவு ஒன்றரை மணி நேரம் போனில் சொல்லிக்கொடுத்தேன்.