தரையில் கிளிஞ்சல், மனதில் 248 வாக்கியங்கள்

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் வந்து போனதும் வாசகர் ஒருவர் கேட்டார்: தொலைநோக்கியே இல்லாத காலத்தில் பஞ்சாங்கக்காரர்கள் கிரகண நேரத்தை எப்படிக் கணித்தார்கள்?

பௌர்ணமியன்று பூமியின் நிழல் நிலவின் மேல் விழுந்தால் கிரகணம். சூரியன் வானில் செல்லும் பாதைக்கு நிலவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமிக்கும் நிழல் படாது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் ராகு, கேது புள்ளிகளுக்கு அருகே நிலவு இருக்க வேண்டும். பாபிலோனியர்கள் பல தலைமுறைகளாகக் களிமண் பலகைகளில் குறித்து வைத்து, 223 சந்திர மாதத்துக்கு ஒருமுறை, அதாவது 18 ஆண்டு 11 நாளில், கிரகணங்கள் திரும்ப வருவதைக் கண்டுகொண்டார்கள். 2007 ஆகஸ்ட் 28 கிரகணம்தான் இந்தக் கணக்கில் 2025இல் திரும்பி வந்தது.

சரி, நாள் தெரிந்துவிட்டது. எத்தனை மணிக்கு? அதுதான் கஷ்டம். நிலவு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குத் தொலைவில் இருக்கும்போது ஒரு நாளில் 12 டிகிரி போல நகரும். அருகே வந்தால் 15 டிகிரியை எட்டும்.

இதற்குத் தென்னிந்தியாவில் இருந்த விடை என்னை எப்போதும் சொக்க வைக்கும். ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித' நூலில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் கிளிஞ்சல்களை எண்களாக அடுக்கி, நகர்த்தி, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கையில் ஏடில்லை. அட்டவணை முழுவதும் மனப்பாடம்.

அந்த அட்டவணைதான் சந்திர வாக்கியங்கள். நிலவின் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்கு வர 27.55 நாள் ஆகும். ஒன்பது சுற்றுக்கு 247.99 நாள், கிட்டத்தட்ட முழுசாக 248. ஆக, 248 நாளுக்கு நிலவின் நகர்வு தெரிந்தால் போதும். அப்புறம் நகர்வு அதே வரிசையில்தான். நாளுக்கொரு வாக்கியம், அதன் எழுத்துகளே எண்கள். கடபயாதி முறையில் ககரத்துக்கு 1, யகரத்துக்கு 1, ரகரத்துக்கு 2 என்று போகும். கூட்டெழுத்தில் கடைசி மெய்க்குத்தான் மதிப்பு. படிப்பது வலமிருந்து இடம்.

முதல் வாக்கியம் 'கீர்ந: ச்ரேய:'. கீ 3 (இது சமஸ்கிருத 'g' ஒலி, 1 மதிப்புள்ள 'k' அல்ல), ந 0, ரே 2, ய 1. திருப்பினால் 1203: முதல் நாள் முடிவில் நிலவு 12 டிகிரி 3 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை) நகர்ந்திருக்கும். இரண்டாவது 'தேநவ: ஸ்ரீ:', 24 டிகிரி 9 கலை. மூன்றாவது வாக்கியத்தில் 36 டிகிரி 22 கலை. கழித்துப் பாருங்கள்: நாளுக்கு 12 டிகிரி 3 கலை, 12 டிகிரி 6 கலை, 12 டிகிரி 13 கலை. பாட்டுப்போல ஒப்பிக்கிற வரிகளுக்குள் நிலவு மெல்ல வேகம் பிடிக்கிறது!

248 நாளில் மிஞ்சும் பிழை சுமார் 13 நிமிடம். அதைச் சரிக்கட்ட 3031 நாள் சுழற்சி ஒன்றும் இருந்தது. அதில் 110 சுற்று. பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கும் மேலே 12372 நாள் சுழற்சி. பெரிய சுழற்சிகளைக் கழித்துக்கொண்டே வந்து, அந்தச் சுழற்சிகளில் நிலவு நகர்ந்த அளவோடு மிச்ச நாளுக்குரிய வாக்கியத்தின் எண்ணைக் கூட்டி நிலவைப் பிடித்துவிடலாம். சூரியனுக்கும் ராகுவுக்கும் தனிக் கணக்கு.

புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் கணித்துக் காட்டியது 1825 மே 31 - ஜூன் 1 இரவுக் கிரகணத்தை. அறிவியல் வரலாற்றாளர் ஓட்டோ நாய்கெபவர் 1952இல் அந்தக் கணக்கைச் சரிபார்த்தார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23, முடிவில் 52. 248 நாள் சுழற்சி பாபிலோனியக் கணக்கிலும் இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

இதை ஞானதிருஷ்டி என்று பரப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. திருஷ்டியில் தெரிந்திருந்தால் 52 நிமிடம் தவறியிருக்காது. இரவிரவாக வானத்தைப் பார்த்தவர்களின் உழைப்பை அந்தப் பேச்சு களவாடிவிடுகிறது. மூடநம்பிக்கை என்று மொத்தமாக ஒதுக்குகிறவர்களும் அதே உழைப்பைத்தான் மறுக்கிறார்கள். இந்த முறையை விளக்கும் 'வாக்யகரணம்' 1962இல் சென்னையில் பதிப்பானது, குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் சுவடிகளோடு உட்கார்ந்ததால். அவர்களைப்போல வானியலும் சுவடியும் சேர்ந்து படிக்கக்கூடிய இளைஞர்களுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தரவேண்டும். சுவடியை ஸ்கேன் செய்ய மட்டும் பணம் ஒதுக்கினால், அதற்குள் இருக்கும் கணக்கைப் போட்டுப் பார்க்க ஆளிருக்காது.