வாளி எந்த இடத்தில் ‘அவள்’ ஆகிறது?

“ஆளே இல்லாத படம். பிளாஸ்டிக் வாளிதான் நடிக்குது. கடைசியில அவ திரும்பிப் போறப்ப அழுதுட்டேன். கண்ணூறுன்னு அம்மா திருநீறு போட்டாங்க. ஏன் இப்படி?” ஹட்டன் வாசகி ஒருவரின் கேள்வி இது.

அந்தக் குறும்படத்தைப் போனிலேயே எடுத்திருக்கிறார்கள். தோட்டத்து மக்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வாளிகள் வரிசையாக நிற்கின்றன. விளிம்பு உடைந்த பச்சை வாளி ஒன்று வந்து கடைசியில் நிற்கிறது. முன்னால் நின்ற வாளி ஒரு சாண் விலகிக்கொள்கிறது. வசனம் இல்லை, இசை இல்லை.

அழுகையின் பின்பாதி பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். முகநரம்பு வழியாகக் கட்டளை போகிறது, கண்ணின் வெளிப்பக்க மேல்மூலையில் உள்ள கண்ணீர்ச் சுரப்பி சுரக்கிறது, வடிகால் மூக்குக்குள் திறப்பதால் மூக்கும் ஒழுகுகிறது. வாசகியின் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு. ‘வாளி நடிக்குது’ என்று தொடங்கியவர் மூன்றாவது வரியில் ‘அவ’ என்கிறார். நடுவில் என்ன நடந்தது?

1944இல் அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் அட்டையில் வெட்டிய ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சின்னப் படம் ஒன்று எடுத்தார்கள். பார்த்த 34 பேரிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டபோது, வெறும் வடிவங்களின் அசைவு என்று விவரித்தவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் துரத்தலும் சண்டையும் பயமும் கண்டார்கள்.

2000இல் பேட்ரிஸ் ட்ரெமூலே, ஜேக்கப் ஃபெல்ட்மன் இருவரும் இதை இன்னும் சுருக்கினார்கள். திரையில் ஒரே ஒரு உருவம். அது வேகத்தையும் திசையையும் ஒரே கணத்தில் மாற்றினால் உயிருள்ளதாகத் தெரிகிறது; மாற்றம் பெரிதாக ஆக உயிரும் கூடுகிறது. நீண்ட உருவம் தான் போகும் திசையையே நோக்கியிருந்தால் இன்னும் அதிகம். சமதரையில் உருளும் கல் தானாக வேகம் கூட்டாது. கூட்டினால், தள்ளும் விசை உள்ளே இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் முக்கியப் பங்கு, காதுக்குச் சற்று மேலே மூளையின் பக்கவாட்டில் ஓடும் நீண்ட பள்ளத்துக்கு. சிறுத்தையைக் கல் என்று நினைத்தால் உயிர் போகும், கல்லைச் சிறுத்தை என்று நினைத்தால் ஓடிய களைப்பு மட்டும்தான். ஆகவே மூளை சந்தேகம் வந்தாலே ‘உயிர்’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. பனிமூட்டத்தில் அசையும் சாக்குத்துண்டு முனியாகத் தெரிவதும் இதனால்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். போத்தல் மூடி நான்கு, அதில் ஒன்று வேறு நிறம். அந்த ஒன்றில் தீக்குச்சித் துண்டை ஒட்டி மூக்காக்குங்கள். மற்ற மூன்றும் வரிசையாக நிற்கட்டும், மூக்குமூடி வந்து சேர வேண்டும். போனை மேசைக்கு நேர் மேலே, அசையாதபடி, புத்தக அடுக்கின் விளிம்பில் பொருத்துங்கள். மூடியைச் சற்று நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என எடுத்து, செக்கனுக்கு 12 படமாக ஓட்டுங்கள். மூக்குமூடி முதல் படத்தில் 1 மில்லிமீற்றர், அடுத்ததில் 2, பிறகு 3 என வேகம் எடுக்க வேண்டும். வரிசையை எட்டியதும் எதையும் தொடாமல் 15 படம். அதற்கு முன்னால் நிற்கும் மூடி இரண்டே படத்தில் 5 மில்லிமீற்றர் விலகட்டும். மூக்கு நான்கு படத்தில் திரும்ப வேண்டும். பிறகு மறுபடி 10 படம் சும்மா. அந்த நிற்றலில்தான் ‘யோசிக்குது’ என்று தோன்றும். திரும்பும் பாதை முழுக்க 1 மில்லிமீற்றர்தான்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே 3 மில்லிமீற்றர் வைத்தால் நூல் கட்டி இழுத்த மாதிரி இருக்கும், உயிர் வராது. ஜன்னலோரம் எடுத்தால் மலையில் பனி வந்து வந்து விலகுவதால் படத்துக்குப் படம் வெளிச்சம் துடிக்கும், கண் மூடியை விட்டுவிட்டுத் துடிப்பைப் பார்க்கும். ஜன்னல் திரைச்சீலையை மூடி ஒரே பல்பில் எடுங்கள். போன் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டவும் மறக்க வேண்டாம்.

காசு இல்லாததும் அந்தப் படத்துக்கு உதவியிருக்கிறது. வாளிக்குக் கண்ணும் வாயும் வைத்திருந்தால் அந்த ஒரு முகத்தின் சோகத்தோடு முடிந்திருக்கும். முகமில்லாத வாளிக்கு அவரவர் வீட்டு முகம் வந்து பொருந்துகிறது. அதோடு, பீலியில் வாளி வைத்தாலே ஆள் நின்ற கணக்கு. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த கண்ணுக்கு வாளி ஏற்கெனவே பாதி ஆள். பார்ப்பவரின் தனிமையும் சேரும்: தனிமை உணர்வு கூடியவர்கள் பொருள்களுக்கும் மனம் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள் என்று 2008இல் நிக்கொலஸ் எப்லி குழுவினர் காட்டினார்கள்.

அம்மா போட்ட திருநீற்றில் தவறில்லை. ஆனால் மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போனவரையும் ‘முனி அடிச்சிருக்கு’ என்று பூசாரியோடு நிறுத்திவிடுவது கொடுமை. அவரை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். பிள்ளைகள் கொழும்புக்குப் போனபின் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தனித்திருக்கும் பெற்றோரின் தனிமையை ஆராயப் பணம் ஒதுக்குவது தேயிலை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதைப் போலவே அவசியம் என்பேன்.

மூடிப் படம் தயாரானதும், எடுத்தபோது கூட இல்லாத ஒருவரிடம் காட்டி “என்ன நடக்குது?” என்று மட்டும் கேளுங்கள். வினைமுற்றைக் கவனியுங்கள். ‘வருது, நிக்குது’ என்று அஃறிணையில் போகும் பேச்சு ஓரிடத்தில் ‘சேத்துக்க மாட்டேங்கிறாங்க, பாவம் போறா’ என்று உயர்திணைக்குத் தாவும். எத்தனையாவது செக்கனில் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாவவே இல்லையென்றால், வரிசைக்குப் பின்னால் நிற்கும் 15 படத்தை 20 ஆக்கிப் பாருங்கள்.