எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலே அது இரட்டை அச்சு ஆகிவிடாது

போன வாரம் இன்னொருவர் வந்தார். ஏலத்தில் எடுத்த 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து மேஜையில் வைத்தார். லாட், அதாவது ஏலத்துக்கு வைத்த உருப்படி, அதன் விவரத்தில் 'இரட்டை அச்சு' என்று இருந்ததாம். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். ஆண்டின் கடைசி 5 மட்டும் லேசாகப் படர்ந்திருந்தது. 'லிபர்ட்டி' என்ற சொல்லில் ஒன்றுமே இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று! அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அசல் 1955 இரட்டை அச்சு ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் பிறந்தது. டை, அதாவது நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் உலோக அச்சு, அதைத் தயாரிக்கும்போதே உருவம் இரண்டு முறை, சற்றுத் திரும்பிய நிலையில் பதிந்துவிட்டது. ஆண்டு, வாசகம், 'லிபர்ட்டி' எல்லாமே வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். அவரிடம் இருந்ததோ தேய்ந்த டையில் அடித்தது. சேகரிப்பாளர்கள் அதை 'ஏழையின் இரட்டை அச்சு' என்பார்கள். ஏராளமாகக் கிடைக்கும், சில்லறை விலைதான் போகும்.

இன்னொரு குழப்பம் இதைவிட மோசம். நாணயம் அடிக்கும் நேரத்தில் டை தளர்ந்து ஆடினால், அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை அது நசுக்கிவிடும். நசுங்கிய பகுதி தட்டையாக, படிக்கட்டு போலத் தாழ்ந்து பளபளக்கும். எழுத்தின் தடிமன் குறையும். உண்மையான இரட்டை அச்சில் எழுத்து தடித்திருக்கும். இரண்டு உருவங்களும் உருண்டு நிற்கும், முனைகளில் பிளவு தெரியும். மெலிந்ததா, தடித்ததா? இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டிருந்தாலே என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பணம் இழந்திருக்க மாட்டார்கள். மேலும், டையில் இருக்கும் பிழை அந்த டையில் அடித்த எல்லா நாணயத்திலும் அதே இடத்தில், அதே வடிவில் வரும். ஆட்டத்தால் வந்தது நாணயத்துக்கு நாணயம் மாறும். ஆகவே உறுதிசெய்யப்பட்ட ஒரு நாணயத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஏலம் கேட்காதீர்கள்.

நிஜமான கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் பெயர் சூட்டப்படாத லாட்டுகளில்தான் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவின் 1862 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டெண் 1874 வரை மாறாமலே அச்சடிக்கப்பட்டது. விக்டோரியாவின் மார்பளவு உருவத்திலும் பின்பக்கப் பூ வேலையிலும் வேறுபாடுகள் உண்டு. நுண்ணிய புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும்கூட மாறும். 'விக்டோரியா, 1862, வெள்ளி' என்று ஒரே வரியில் முடித்துவிடும் விவரத்துக்குள் இந்த வேறுபாடுகளின் அரிய சேர்க்கை ஒளிந்திருக்கலாம். விவரத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் புள்ளிகளை எண்ணுங்கள். புள்ளி தெரியாத அளவுக்கு மங்கலான படமென்றால் நேரில் பாருங்கள், முடியாவிட்டால் அந்த லாட்டை விட்டுவிடுங்கள்.

சரி, கிடைத்துவிட்டது. விலை? அரிது என்றால் விலை அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு நாணயம் எவ்வளவு அரிது என்று காட்டும் அளவுகோலில் 'ஆர்-7' என்றால் இருப்பதாகத் தெரிந்தவை 4 முதல் 12 வரைதான். ஆனால் அந்த வகையைத் தேடுகிறவர்கள் மூன்று பேர்தான் என்றால், நான்காவது நாணயத்தை யார் வாங்குவார்? மோர்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயத்தில் டை வேறுபாடுகள் ஆயிரக்கணக்கில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. கூடுதல் விலை தரும் அளவுக்குத் தேடப்படுபவை அவற்றில் சிறு பகுதிதான்.

இணையத்தில் யாரோ கேட்கும் விலையைப் பார்த்து வராதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். கேட்பது எவராலும் முடியும். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதே வகை, அதே தரம், அண்மைக் காலம், ஒன்றுக்கு மேற்பட்ட விற்பனை. இரண்டு பேர் போட்டிபோட்டு ஏற்றிவிட்ட ஒற்றை விலையை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. ஏல நிறுவனம் வாங்குபவரிடம் மேலதிகமாக வசூலிக்கும் கட்டணத்தையும் மறக்காதீர்கள்: ஏலச் சுத்தியல் 1,000-இல் விழுந்து கட்டணம் 20 சதவீதம் என்றால் நீங்கள் கொடுப்பது 1,200. வரியும் அனுப்பும் செலவும் தனி. பழைய விலைப் பட்டியல்களில் சிலது கட்டணம் சேர்த்தது, சிலது சேர்க்காதது. இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒரு வகை பிரபலமானதும் எல்லோரும் தங்கள் பெட்டியைக் கிளறுவார்கள், புதிதாகப் பல நாணயங்கள் வெளிவரும், விலை இறங்கும். முதல் விற்பனை விலையை நம்பி வாங்கியவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாங்கியதைத் துலக்காதீர்கள். பற்பசை, எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். துலக்கிய நாணயத்துக்குத் தரச் சான்று நிறுவனங்கள் எண் தரம் கொடுப்பதில்லை, 'துலக்கியது' என்ற குறிப்போடு திருப்பித் தருவார்கள். ஏலம் கேட்கும் முன் விற்பனை நிபந்தனைகளைப் படியுங்கள். தவறான விவரம் என்றால் எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும், பல நாணயங்களை ஒன்றாக விற்கும் மொத்த லாட்டுகளுக்கு அது பொருந்துமா, நாணயம் வந்த கவரைப் பிரித்தால் திருப்பித் தரும் உரிமை போய்விடுமா என்று பாருங்கள்.

1955 சென்டோடு வந்தவருக்கு அந்தக் கெடுவில் இன்னும் நான்கு நாள் மீதி இருந்தது. அந்த 5-ஐயும் 'லிபர்ட்டி'யையும் லென்ஸ் வழியாகப் படமெடுத்துக் கொடுத்தேன். என் மேஜையிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதி அனுப்பிவிட்டுத்தான் போனார்.